மூன்று மணிக் குலுக்கல்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தது தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கும் ஷர்மிளா பானு மேடம். தினமும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, அவரும் கேட்க மாட்டாராம். "முதல்ல கொஞ்சம் பொய்யா எழுதுவீங்க சார். பரவாயில்ல. எழுதிக்கிட்டே இருங்க" என்றார். எனக்குச் சிறிது வருத்தம்தான்.

நடந்தது இது. போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நர்ஸ் கையில் பட்டை கட்டிப் பார்த்தார். எக்கச்சக்கம். பெஞ்சில் உட்காரவைத்து மூன்றரைக்கு மறுபடி பார்த்தார். சரியாக இருந்தது. நடுவில் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். செல்போனில் லாட்டரி ரிசல்ட் பார்த்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார்.

என் பெயர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்தொன்று. செங்கோட்டை–புனலூர் பஸ்ஸில் டிரைவர். இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வியாழக்கிழமை வார விடுமுறை. மனைவி உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். ஒரே மகள் சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

லாட்டரி நம் பக்கம் கிடையாது, மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் உண்டு. புனலூரில் வண்டி முக்கால் மணி நேரம் நிற்கும். அப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓமனா சேச்சியிடம் ஒரு சீட்டு வாங்குவேன். ஆறு வருடமாக, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இதற்கு ஒரு நோட்டா?

ஜூன் 4, புதன்

ஒரு சீட்டு. விழவில்லை. மலையில் சாரல்.

ஜூன் 5, வியாழன்

ஓமனா சேச்சி இன்று புதுக் குடை விரித்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் தென்மலைக் காட்டை நன்றாகப் பார்க்க முடிந்தது. மரமெல்லாம் குளித்துவிட்டு நின்றதுபோல் இருந்தது. சீட்டு விழவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு திருத்தம். ஒன்று இல்லை, ஐந்து. சில நாள் ஏழு.

ஜூன் 10, செவ்வாய்

இன்று எழுத விஷயம் இருக்கிறது. நான் எப்போதும் 4417 என்று முடியும் சீட்டைத்தான் எடுப்பேன். முதன்முதல் நான் ஓட்டிய வண்டியின் எண் அது. ஓமனா சேச்சி எங்கிருந்தாவது தேடி எனக்காக அப்படி ஒன்றை ஒதுக்கி வைப்பாள். கூட எடுக்கும் நாலும் சும்மா துணைக்கு.

குலுக்கல் மூன்று மணிக்கு. அந்த நேரம் வண்டி தென்மலை ஏற்றத்தில் இருக்கும். ஓட்டும்போது நான் செல்போனைத் தொட மாட்டேன். ஆரியங்காவில் டீக்கு நிறுத்தியதும் இறங்கிப் பார்ப்பேன். இன்று பார்த்தால், ஐயாயிரம் ரூபாய் வரிசையில் 4418. என் எண்ணுக்கு அடுத்த எண். காதெல்லாம் சூடாகிவிட்டது. கண்டக்டர் ஜெபராஜிடம் காட்டினேன்.

"வந்துட்டு பாத்தியா. வாசல்வரைக்கும் வந்துட்டு."

ஜெபராஜ் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினான். "அண்ணாச்சி, பக்கத்து வீட்டுக்கு வந்த கல்யாணக் கடுதாசிய வச்சுக்கிட்டு நீங்க பந்தில உக்கார முடியுமா?"

"அதில்லடே. பக்கத்துல வந்துட்டுல்லா."

"பக்கத்துலன்னா? நாளைக்கு அது ஒரு அடி எடுத்துவச்சு உங்கள்ட்ட வருமோ?"

அவனுக்கு விளங்காது. நாளைக்குப் பத்து எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜெபராஜ் இன்று ஒரு வேலை செய்தான். புனலூரில் அவனும் இரண்டு சீட்டு வாங்கினான், கையில் வந்ததை. அவற்றை என் முன்னால் நீட்டினான்.

"அண்ணாச்சி, உங்க 4417-ஐ எனக்குத் தாங்க. நான் ரெண்டும் தாரேன். கூட ஒரு பழம்பொரி."

"போடே."

"ஒண்ணுக்கு ரெண்டு. எந்தச் சீட்டு விழும்னு சேச்சிக்கும் தெரியாது, குலுக்குதவனுக்கும் தெரியாது. பின்ன என்ன?"

கணக்குப்படி அவன் சொல்வதுதான் சரி. ஆனால் சீட்டைக் கொடுக்கக் கை நீளவில்லை. கொடுத்த அன்றைக்கே அது விழுந்துவிட்டால்? பழம்பொரியை மட்டும் வாங்கித் தின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேடத்திடம் போனேன். இன்றைய டூட்டியை ஜெபராஜ் வேறொரு டிரைவரிடம் சொல்லி மாற்றிக் கொடுத்தான். லாட்டரியைப் பற்றிப் பேசுவார் என்று தயாராகப் போனால், மலை ஏறுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டைவாசல் எஸ் வளைவைச் சொன்னேன். முன்னால் லாரி ஊரும். பின்னால் கார்க்காரன் ஹாரன் அடிப்பான். பஸ்ஸுக்குள்ளே ஒருவர் ரயிலைப் பிடிக்கணும் என்று சத்தம் போடுவார். நான் லாரியை முந்த மாட்டேன். எதிரே என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறவரை லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போவேன்.

"முந்திடலாம்னு ஆசை வராதா சார்?"

"வரும். தினமும் வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். கியரைக் குறைச்சுட்டு இருப்பேன். அடுத்த நேர் ரோடு வந்ததும் ஆசையும் போயிரும், லாரியும் வழி விட்டுருவான்."

சொல்லி முடித்தபோது மேடம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னது எனக்கே கேட்டுவிட்டது.

ஒரு யோசனை சொன்னார். சீட்டு வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் ஓமனா சேச்சி இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய், ஆற்றின் மேலே இருக்கிற தூக்குப் பாலத்தில் ஒரு நடை போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வாங்கலாம். "ஆசை வந்த உடனே நல்லா முடிவெடுக்கிறவங்க யாரும் இல்ல சார். நான்கூட பசியோட கடைக்குப் போக மாட்டேன்" என்றார்.

ஜூன் 19, வியாழன்

உலகம்மாளுக்கு இன்று பரிசு. மாவட்டத்தில் சத்துணவு சமைப்பவர்களுக்கு வைத்த போட்டியில் அவள் செய்த முருங்கைக்கீரைச் சாதத்துக்கு இரண்டாம் இடம். தென்காசியில் விழா. வாங்களேன் என்று திங்கட்கிழமையே கூப்பிட்டாள். டூட்டி இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் நான் வந்தபோது மேஜைமேல் ஒரு கேடயமும் ஒரு பெரிய ஹாட்பாக்ஸும் இருந்தன. மேடையில் யார் யார் பேசினார்கள் என்று சொன்னாள். போட்டோவில் அவள் பக்கத்தில் தலைமையாசிரியை நிற்கிறார். மற்ற பெண்களுக்குப் பக்கத்தில் அவரவர் வீட்டுக்காரர்கள்.

கீரைச் சாதம் எனக்கும் எடுத்து வைத்திருந்தாள். நல்ல ருசி. புனலூரில் சீட்டு விழவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நாலு நாளாகப் பாலத்துக்குப் போகிறேன். வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். இரண்டு பக்கமும் கல் தூண், நடுவே இரும்புச் சங்கிலி, கீழே மரப்பலகை. வண்டிகள் போக முடியாது. நடக்கும்போது காலடியில் லேசாக ஆடும். கல்லடை ஆறு கலங்கலாக ஓடுகிறது.

முதல் நாள் பாதிப் பாலத்திலிருந்தே ஓடி வந்து ஐந்து சீட்டு வாங்கினேன். இரண்டாம் நாளும் அப்படித்தான், ஆனால் ஓடவில்லை. நேற்று ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தக்கை முங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது இரண்டு போதும் என்று தோன்றியது. இன்றும் இரண்டு.

ஒன்றைக் கவனித்தேன். வண்டியை நிறுத்தி இறங்கும்போது நெஞ்சில் அரிப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. பாலத்தின் முதல் தூண்வரை கூடிக்கொண்டே போகிறது. நடுப்பாலத்தில் குறைகிறது. நான் எதுவுமே செய்யாமல் அதுவாகவே குறைகிறது. ஆறு வருடத்தில் அது குறையும்வரை நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று புனலூர் போகவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பதினோரு மணிக்கு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்துணவுக் கூட வாசலில் நின்றேன். உலகம்மாள் பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒரு முறம் நிறைய அவரைக்காயை என் பக்கம் தள்ளினாள்.

"நார் உரிச்சுத் தாங்க."

உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு லீவு போட்டுட்டேன்" என்றேன்.

"வியாழக்கிழமை உங்களுக்கு எப்பவுமே லீவுதான" என்றாள், அண்டாவைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கையில் இருந்த அவரைக்காய் கையிலேயே இருந்தது.

"எப்பத் தெரியும்?"

"மூணு வருசமாச்சு. சோத்து வாளிய மறந்துட்டுப் போனியன்னு டிப்போவுக்குக் கொண்டுவந்தேன். போர்டுல எழுதிப் போட்டிருக்கு. குற்றாலிங்கம், வார ஓய்வு வியாழன்னு."

"நீ கேக்கவே இல்லியே."

"முதல்ல வேற என்னமோன்னு நெனச்சேன். ஒரு வாரம் தூக்கமில்ல. பொறவு உங்க சட்டையத் துவைக்கும்போது பையில சீட்டு கெடந்துச்சு. இதுதானான்னு இருந்துச்சு எனக்கு. அன்னைக்கு நான் பாயசம் வச்சேன், நெனவிருக்கா? என்ன விசேஷம்னு கேட்டிய."

நினைவிருக்கிறது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

அவரைக்காய் தீரும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து, ஏழு, பத்து, வியாழக்கிழமைகள், 4417, மேடம், பாலம். விழா நாளையும் சொன்னேன். மற்றதற்கெல்லாம் ஊம் கொட்டிக்கொண்டிருந்தவள் இதற்கு மட்டும் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அது எனக்கு வலிச்சுது" என்றாள்.

பிறகு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். என்னைச் சாம்பார் ஊற்றச் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "புது ஆயாவா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். உலகம்மாள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

ஜூலை 1, செவ்வாய்

இன்று சீட்டு வாங்கவில்லை. ஒன்றுகூட.

பாலத்திலிருந்து வந்து ஓமனா சேச்சியிடமே போய்ச் சொன்னேன். 4417-ஐ இனி ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று. அவளுக்கு அது வியாபாரம், கோபப்படுவாள் என்று நினைத்தேன். குடைக்கு வெளியே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வேண்டெங்கில் வேண்டா, அண்ணா. சீட்டு எடுக்கான் மட்டுமா நீ இங்கே வருவது? இரி. சாயா குடிச்சிட்டுப் போ."

ஆறு வருடத்தில் அவளிடம் உட்கார்ந்து பேசியதே இல்லை. அவளுடைய மகன் நர்ஸுக்குப் படிக்கிறானாம்.

மூன்று மணிக்கு ஸ்டியரிங்கில் கை வேர்த்தது. வாங்காத சீட்டுக்கும் வேர்க்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இன்று விழுந்துவிட்டது. 4417.

ஆரியங்காவில் டீ குடிக்கும்போதே ஜெபராஜ் பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் தப்புத் தப்பாக விசில் அடித்தான். ஆள் ஏறும் முன்னே போகலாம் விசில், ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்து விசில். செங்கோட்டையில் எல்லோரும் இறங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, சாவிய எங்கிட்ட குடுங்க."

"எதுக்குடே?"

"குடுங்க, சொல்லுதேன்."

கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு செல்போனைக் காட்டினான். ஐயாயிரம் வரிசையில் நடுவில் இருந்தது. 4, 4, 1, 7. மூன்று நாள் முன்னால்தான் விட்டேன்.

இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் நான் இத்தனை வருடம் விடாமல் வாங்கினேன். பணத்துக்காக வாங்கினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது தப்பு. நான் வாங்காத அன்று விழுந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றே நம்பியிருந்தேன். அதனால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடி நெஞ்சு வெடிப்பதற்காகக் காத்திருந்தேன். ஜெபராஜும் பக்கத்தில் நின்று காத்திருந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிள்ளு கிள்ளியது, உண்மை. பிறகு பசித்தது.

"அண்ணாச்சி, எதாச்சும் பேசுங்க."

"வடை சூடா இருக்குமா இந்நேரம்?" என்றேன்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. டிப்போக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சாவியை மட்டும் வடை தின்று முடித்த பிறகுதான் கொடுத்தான்.

வீட்டில் உலகம்மாளிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், "நல்லதாப் போச்சு. அது வந்துட்டுப் போயிட்டு. இனி அதுக்காக வாசல்ல நிக்க வேண்டாம்லா."

ஜூலை 8, செவ்வாய்

மகள் காலையில் போன் செய்தாள். மாசமாக இருக்கிறாளாம். மூன்றாவது மாதம். உலகம்மாள் அடுப்பை அணைக்க மறந்து தெருவுக்கு ஓடிவிட்டாள். நான் டிப்போவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

புனலூரில் மூன்று சீட்டு வாங்கினேன். பாலத்துக்குப் போகவில்லை. இவ்வளவு நல்ல நாளில் கை ராசியாக இருக்கும் என்று தோன்றியது. வருத்தம் வந்தால் பாலத்துக்குப் போக வேண்டும் என்று தெரியும். சந்தோஷத்துக்கும் போக வேண்டும் என்று தெரியவில்லை.

விழவில்லை. அதுகூடப் பெரிதில்லை. புனலூரிலிருந்து ஆரியங்காவுவரை என் நினைப்பெல்லாம் அந்த மூன்று சீட்டில்தான் இருந்தது. லிஸ்ட்டைப் பார்த்துக் கிழித்துப் போட்ட பிறகுதான் பேரப்பிள்ளை மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. காலையில் கிடைத்த சந்தோஷத்தை ஒன்றரை மணி நேரம் மறந்திருக்கிறேன்.

இதை மறைக்காமல் உலகம்மாளிடம் சொல்லிவிட்டேன். "சரி, நாளைக்குப் பாலத்துக்குப் போங்க" என்றாள். மேடத்திடம் போனில் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னார்.

ஜூலை 9, புதன்

பாலம். தூண்டில்காரர் பெயர் தங்கச்சன். இன்று அவருக்கு ஒரு கெளுத்தி. எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

விடுமுறை. உலகம்மாள் மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஐந்தருவியில் குளித்தோம். கல்யாணமான புதிதில் போனது. தண்ணீர் முதுகில் அடித்த அடியில் அவள் என்னவோ கத்தினாள், கேட்கவில்லை. வெளியே வந்து கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

உலகம்மாள் ஓமனா சேச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆறு வருசமா எம்புருசன் தெனமும் பாத்த பொம்பளைய நான் ஒரு நாளாவது பாக்கண்டாமா?" இன்றைக்கு டூட்டியை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் பயணிகளாக ஏறினோம். ஜெபராஜ் எங்களிடம் டிக்கெட் கேட்டு நின்ற தோரணையைப் பார்க்க வேண்டும். எஸ் வளைவில் உலகம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இதுலயா தெனமும் போறிய?" என்றாள்.

ஓமனா சேச்சிக்கு ஒரு டப்பாவில் முருங்கைக்கீரைச் சாதம் கொண்டுவந்திருந்தாள். இருவரும் பத்து நிமிடத்தில் அவியலுக்குத் தயிர் ஊற்றுவதா மாங்காய் போடுவதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கிளம்பும்போது உலகம்மாள் சுருக்குப் பையைத் திறந்தாள்.

"ஒரு சீட்டு குடுங்க, அக்கா."

சேச்சி என்னைப் பார்த்தாள். உலகம்மாள் என் பக்கம் திரும்பி, "கடைக்கு வந்துட்டு ஒண்ணும் வாங்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்றாள். தட்டின் ஓரத்தில் இருந்த சீட்டை எடுத்தாள். எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிய பைக்குள் போட்டுவிட்டு நடந்தாள்.

தூக்குப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் பலகை ஆடுகிறது என்று பயந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தங்கச்சனுக்கு வணக்கம் சொன்னாள். பேரனா பேத்தியா, சேலத்துக்கு எப்போது போவது, வளைகாப்புக்கு எத்தனை வகைச் சாதம் கிண்டுவது என்று பேசிக்கொண்டே இருந்தாள். வகை பதினொன்றில் வந்து நின்றது. கருவேப்பிலைச் சாதம் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. நடுப்பாலத்தில் நின்று சிப்ஸ் தின்னும்போது எதேச்சையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி ஆக ஐந்து நிமிடம்.

மூன்று மணி வந்து போனது எனக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்தேன், வேர்க்கவில்லை. எண்ணெய்தான் இருந்தது.

சிப்ஸுக்குக் கை விட்டபோது அவளுக்குச் சீட்டு தட்டுப்பட்டது.

"இது விழுந்திருக்கான்னு எப்பிடிப் பாக்கது?"

"செல்போன்ல லிஸ்ட் வந்திருக்கும். பொடி எழுத்தா இருக்கும்."

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரலியே. நீங்க பாருங்களேன்."

சீட்டை என்னிடம் நீட்டினாள். எண்ணெய் பட்டு ஒரு மூலை ஊறியிருந்தது. ஆறு கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை.

"நானும் எடுத்துட்டு வரலியே" என்றேன்.

என் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது, பாதி வெளியே தெரிகிறபடி. உலகம்மாள் அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சீட்டை நாலாக மடித்துச் சிப்ஸ் பைக்குள்ளேயே செருகினாள்.

"அப்ப நடங்க" என்றாள். "பாதிப் பாலம் இன்னும் கெடக்கு."